சாலைக்கு அந்தப்பக்கக் கொட்டகை

ஜூன் 3, திங்கள்

காலையில் வேலைக்குப் போனதும் ஐயா கூப்பிட்டனுப்பினார். எங்கள் ஏணிக் கம்பெனியின் முதலாளி நாச்சிமுத்துவை எல்லோரும் ஐயா என்றுதான் சொல்வோம். பெங்களூரில் ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனி இனி வருஷம் முழுவதும் நம்மிடமே அலுமினிய ஏணி வாங்கத் தயாராக இருக்கிறதாம். ஒரே நிபந்தனை, செப்டம்பருக்குள் ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும்.

“நீங்கதானுங்கம்மிணி இதையப் பாத்துக்கோணும். நம்ம கம்பெனீல தரம்னா சுலோச்சனாதான்னு எல்லாருக்கும் தெரியுமே,” என்றார்.

பதினேழு வருஷமாகப் பரிசோதனைப் பிரிவு என் பொறுப்பில்தான் இருக்கிறது. கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. சான்றிதழ் கைக்கு வரும்வரை நடப்பதை எழுதிவைத்தால் பிறகு உதவும் என்று வரும் வழியில் இந்த நோட்டை வாங்கினேன். இட்லி அரிசியும் வாங்கினேன்.

முதல் வேலை ஒரே ஒரு வாக்கியம் எழுதுவது. நம் தர மேலாண்மை எந்த இடம், எந்தப் பொருள், எந்த வேலை வரைக்கும் செல்லும் என்று சொல்லும் வாக்கியம். அதற்கு வரம்பு என்று பெயர், இங்கிலீஷில் ஸ்கோப். சான்றிதழில் அந்த வாக்கியம்தான் அச்சாகுமாம். ஒரு வாக்கியம்தானே, நாளைக்கே முடித்துவிடலாம்.

ஜூன் 5, புதன்

முடியவில்லை.

ஜூன் 10, திங்கள்

உட்கார்ந்து யோசித்தால் வராது, நடந்து பார்த்தால் வரும் என்று தோன்றியது. ஒரு அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு கம்பெனியைச் சுற்றினேன். கேட்டில் வாட்ச்மேன், சரக்கு இறக்கும் இடம், அலுமினியக் குழாய்களை வெட்டும் மெஷின், துளை போடும் பிரஸ், படிகளை ரிவிட் ஆணி அடித்து இறுக்கும் வரிசை, பாரம் தொங்கவிட்டுச் சோதிக்கும் என் மேடை, பேக்கிங். எல்லாம் எழுதிக்கொண்டேன். வடிவமைப்பு அறையையும் சேர்த்தேன், அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலும்.

சாலைக்கு அந்தப் பக்கம் ரிப்பேர் கொட்டகை இருக்கிறது. வாடிக்கையாளர்களும் கடைக்காரர்களும் திருப்பி அனுப்பும் பழைய ஏணிகளுக்குப் படி மாற்றி, ரிவிட் மாற்றிக் கொடுப்பார்கள். கடைக்காரர்கள் அவற்றை மறுபடி விற்பார்கள். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். சாலையைக் கடக்கலாம் என்று கேட் வரை போனேன். மழை வருகிற மாதிரி இருந்ததால் திரும்பிவிட்டேன்.

மழை வரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

பட்டியலை ஐயாவிடம் காட்டினேன். பாலில்லாத டீயை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

“கொட்டகையச் சேக்கலீங்களா?”

“கேக்கலாம்னுதானுங்கய்யா வந்தேன்.”

“வேண்டாமுங்க. ஏணி செய்யறோம், விக்கறோம். அதோட நிறுத்திக்குவோம். ரிப்பேரு நம்ம ஒரு ஒத்தாசைக்குச் செய்யறது. அத உள்ள இழுத்தா ஆயிரம் கேள்வி வரும்.”

சரிங்கய்யா என்றேன். வேலை பாதியாகக் குறைந்துவிட்டதால் நிம்மதியாக இருந்தது. ஐந்தே நிமிஷத்தில் வாக்கியம் வந்துவிட்டது: ‘அலுமினிய ஏணிகளின் வடிவமைப்பு, உற்பத்தி மற்றும் விற்பனை.’ தெளிவாக இருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெலிக்ஸ் வந்தார். கொட்டகையின் மேஸ்திரி. பழைய ஏணியைத் தூக்கிப் பார்த்தே எந்தப் படி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

“எங்கள விட்டுட்டீங்களாமா மேடம்?”

கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்தேன். “ஐயாதான் சொன்னாருங்க,” என்றேன்.

“நல்லதாப் போச்சுங்க. நானே சொல்லலாம்னு இருந்தேன். எங்க பக்கம் யாரும் வந்து பாக்க வேண்டாம். நீங்க பாட்டுக்கு நிம்மதியா உங்க வேலைய முடிங்க.” போகும்போது திரும்பி, “நீங்களே வந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க,” என்றார். குறையாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னார்.

அப்படியா ஆகிவிட்டது? இருக்கலாம். இந்தப் பக்கமே வேலை சரியாக இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

மகள் யாழினி திருச்சி ஹாஸ்டலிலிருந்து பேசினாள். மெஸ்ஸில் சாம்பார் தண்ணீராக இருக்கிறதாம். இவர் மில்லில் மதிய ஷிப்ட். துணி துவைத்து, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, கறிவேப்பிலைப் பொடி அரைத்தேன். தொட்டிக்குள் இறங்க எங்கள் கம்பெனி ஏணிதான். இறங்குவதற்கு முன் ஒவ்வொரு படியையும் கையால் அசைத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் வீட்டில் அப்படிச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஜூலை 1, திங்கள்

அடுத்த வாரம் ஆடிட்டர் முதல்கட்டமாக வந்து தாள்களைப் பார்ப்பார். கடந்த இரண்டு வருஷத்தில் வந்த வாடிக்கையாளர் புகார்களை எல்லாம் ஒரே கோப்பில் வைக்க வேண்டும். ரப்பர் குதி கழன்றது, ஸ்டிக்கர் உரிந்தது, லாரியில் வளைந்தது என்று மொத்தம் பதினோரு புகார்கள். வரிசை எண் போட்டு அடுக்கினேன்.

ஜூலை 2, செவ்வாய்

பன்னிரண்டு.

ஜூலை 3, புதன்

அந்தப் பன்னிரண்டாவது கடிதம் கோப்பில் இல்லை. என் மேஜையின் கடைசி இழுப்பறையில், பழைய காலண்டர்களுக்கு அடியில் இருக்கிறது. போன வருஷம் ஏப்ரலில் நெகமத்திலிருந்து ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் எழுதியது. ரிப்பேர் செய்து அனுப்பிய ஏணி பற்றி. ரிப்பேர் நம் வரம்பில் இல்லை என்பதால் இந்தக் கோப்பில் வைக்க வேண்டியதில்லை. பதினொன்று என்றே இருக்கட்டும்.

ஜூலை 9, செவ்வாய்

ஆடிட்டர் வந்தார். பெயர் ரஹ்மத்துல்லா. ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். காலையில் தாள்களைப் பார்த்தார். சின்னச் சின்னத் திருத்தங்கள் சொன்னார். பதினொரு மணிக்கு மேல் கம்பெனியைச் சுற்றிப் பார்க்கலாம் என்றார். சரக்கு ஏற்றும் இடத்தில் டெம்போ ஒன்று நின்றது. புது ஏணிகளுக்கு மேலே ரிப்பேர் முடிந்த நாலைந்து ஏணிகளைக் கட்டியிருந்தார்கள்.

அவர் புது ஏணி ஒன்றின் ஸ்டிக்கரைப் பார்த்தார். ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று கம்பெனி முத்திரையோடு, கீழே என் சுருக்கொப்பம். பிறகு மேலே இருந்த பழைய ஏணியைப் பார்த்தார். அதே ஸ்டிக்கர்.

“இது எங்கேர்ந்து வருதுங்க மேடம்?”

“எதிர்த்தாப்ல கொட்டகையிலருந்து சார். ரிப்பேர். அது எங்க ஸ்கோப்ல இல்லைங்க.”

“சரி. ஸ்டிக்கர் யாரோடது?”

“எங்களுதுதான்.”

“இத வாங்கிட்டுப் போய் மேல ஏறப் போறவருக்கு, இது ஸ்கோப்ல இருக்கற ஏணி, இது ஸ்கோப்ல இல்லாத ஏணின்னு எப்படித் தெரியும்?”

 டெம்போ டிரைவர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு வேலையை விட்டுடலாங்க மேடம், தப்பில்லை,” என்றார் ஆடிட்டர். “உங்க பேர்ல போற பொருளோட தரத்தை அது பாதிக்காதுன்னா விட்டுடலாம். பாதிக்கும்னா விட முடியாது. அடுத்த தடவை வரும்போது காரணத்தை எழுதிவைங்க. உங்க காரணத்தை நான் படிச்சுப் பாக்கறேன்.”

போகும்போது ஐயாவுக்கும் எனக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். ஐயா அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 10, புதன்

காரணத்தை எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தேன். இந்த நோட்டில் எழுதிப் பார்க்கிறேன்.

போன வருஷம் ஜனவரியில் கெட்டி ரிவிட் தீர்ந்துபோனது. சப்ளையரிடமிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். பெலிக்ஸ் போன் செய்து, “மெலிசு ரிவிட்தான் இருக்குதுங்க மேடம், அத போடலாமுங்களா?” என்று கேட்டார். சாலையைக் கடந்து போய், ஒரு படியில் அடித்து, மேடையில் தொங்கவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். அரை மணி நேர வேலை. “போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்,” என்றேன். தினமும் அந்தப் பக்கம் போய் வர வேண்டாம் என்று ஒரு ரோல் ஸ்டிக்கரில் முன்கூட்டியே என் சுருக்கொப்பத்தைப் போட்டும் கொடுத்துவிட்டேன்.

அன்று வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. வேலை நெருக்கடியும் இல்லை. ஏதாவது பெரிய காரணம் இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். மதிய வெயில் அதிகமாக இருந்தது. நடக்கச் சோம்பலாக இருந்தது. அவ்வளவுதான்.

நெகமத்துக் கடைக்காரரின் கடிதத்தில் இருந்தது இது: அவர் அந்த ஏணியை மயில்சாமி என்ற வயரிங் வேலைக்காரருக்கு விற்றிருக்கிறார். பன்னிரண்டடி உயரத்திலிருந்து மயில்சாமி விழுந்துவிட்டார். ஏணியைக் கடைக்கு எடுத்து வந்தபோதுதான் ஒரு படியின் ரிவிட் அறுந்திருப்பதைக் கடைக்காரர் கவனித்தாராம். பார்த்துச் சொல்லவும் என்று முடித்திருந்தார்.

நான் பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு கொட்டகைக்குப் போகவும் இல்லை.

ஜூலை 11, வியாழன்

இன்று சாலையைக் கடந்தேன். பெலிக்ஸ் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்காரவில்லை.

“அந்த ஆறு வாரத்துல மெலிசு ரிவிட் போட்டு எத்தன ஏணி போச்சுன்னு தெரியுமுங்களா பெலிக்ஸ்?”

அவர் என்னையே பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, தேடாமலே பக்கத்தைத் திறந்தார்.

“நாப்பத்தொண்ணுங்க. எந்தக் கடைக்குப் போச்சுன்னும் எழுதியிருக்கேன்.”

“உங்களுக்கு அந்த நெகமத்து விசயம்...”

“தெரியுமுங்க. கடைக்காரரு எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணாரு. உங்க கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கர் மிச்சம் இருந்தத அன்னைக்கே எரிச்சுட்டேன். உங்களுக்கு ஒண்ணும் வந்துடக்கூடாதுன்னுதான் மேடம். அதான் ஆடிட்டுல எங்கள விட்டுட்டது நல்லதுன்னு சொன்னேன்.”

அவர் அப்படிச் சொன்னது எனக்காகத்தான் என்பது இன்றுதான் தெரிந்தது போல எழுத முடியாது. அன்று சாப்பாட்டு நேரத்திலேயே கொஞ்சம் புரிந்தது.

ஜூலை 14, ஞாயிறு

நெகமம் போனேன். இவரிடம் தெரிந்தவர் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டுப் போனேன். கோவை உக்கடத்தில் பஸ் ஏறியதிலிருந்து என்ன சொல்வது என்று யோசித்து, இறங்கும்போது எல்லாம் மறந்துவிட்டது.

கடைக்காரர் வழி சொன்னார். ஓட்டு வீடு. மயில்சாமி வாசலில் உட்கார்ந்து பழைய சீலிங் ஃபேனுக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். எழுந்திருக்க முயன்றார். வலது குதிகாலை முழுதாக ஊன்ற முடியவில்லை, உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். ஏணிக் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும், “ஏணியப் பத்திக் கொறை சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க,” என்று அவசரமாகச் சொன்னார். “நாந்தான் பாக்காம கால வெச்சுட்டேன். இருவது வருசமா ஏணி ஏறுறவன், அன்னைக்கு என்னமோ கவனம் பெசகிருச்சு.”

அவர் மனைவி கலாமணி உள்ளேயிருந்து சொன்னார்: “போன் பேசிட்டே ஏறியிருப்பாருங்க. கேட்டா இல்லேம்பாரு. சொன்னா எங்க கேக்கறாரு. இருங்க, டீ வெக்கறேன்.”

ரிவிட் அறுந்ததைக் கடைக்காரர் அவர்களிடம் சொல்லவே இல்லை. கம்பெனியிலிருந்து பதில் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். பதில் வரவில்லை, அவரும் விட்டுவிட்டார்.

நான் திட்டமிட்டது எதுவும் இல்லாமல் சொன்னேன். “நீங்க தப்பா கால் வெக்கலீங்க. படியோட ரிவிட் அறுந்துதான் விழுந்தீங்க. மெலிசு ரிவிட். அத அடிக்கலாம்னு சொன்னது நான்தானுங்க.”

அவர் கையிலிருந்த கம்பி நின்றது.  அப்புறம் என்னைப் பார்க்காமல் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

“கலாமணி. இங்க வா. இந்தம்மா சொல்றதக் கேளு.” நான் தயங்கினேன். “சொல்லுங்க,” என்றார், “அவகிட்ட இன்னொருக்கா சொல்லுங்க.”

இன்னொரு முறை சொன்னேன்.

கலாமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றார். “ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க,” என்றார். “வேல போனதுக்கு, பாப்பாவ ஸ்கூல் மாத்துனதுக்கு, எல்லாத்துக்கும் இவரத்தான் பேசியிருக்கேன். உன்னோட கவனக்கொறவுதான்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். இந்த மனுசன் ஒரு வார்த்த திருப்பிச் சொன்னதில்ல. அவரே அப்படித்தான்னு நம்பிட்டாரு.” என் பக்கம் திரும்பினார். “இத அப்பவே வந்து சொல்றதுக்கு உங்களுக்கு என்னங்க?”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“உங்க மொதலாளிய வரச் சொல்லுங்க,” என்றார்.

மயில்சாமி மட்டும் நான் கிளம்பும்போது தலையசைத்தார். முகம் வேறு மாதிரி இருந்தது. கோபமா, நிம்மதியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது கிணத்துக்கடவு தாண்டும்வரை அழுதுகொண்டிருந்தேன். பக்கத்துச் சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வீட்டுக்கு வந்ததும் இவரிடம் உண்மையைச் சொன்னேன்.

ஜூலை 15, திங்கள்

ஐயாவிடம் சொல்ல இழுப்பறைக் கடிதத்தோடு போனேன். வேலையிலிருந்து எடுத்துவிடுவார் என்று நினைத்து, யாழினியின் படிப்பைப் பற்றிக்கூட இவரோடு காலையில் பேசி வைத்திருந்தேன்.

முழுவதும் கேட்டார். கடிதத்தை வாங்கவில்லை. தன் மேஜையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து வைத்தார். அதே கையெழுத்து, அதே கடிதத்தின் நகல்.

“எனக்கும் வந்துதுங்கம்மிணி,” என்றார். “நீங்க எங்கிட்டச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க சொல்லலேன்னதும், நாமளாக் கேட்டா அப்புறம் கொட்டகைய மூடோணும், ஆறு குடும்பம், அதுபோக கம்பெனி பேரு... அப்படீன்னு பேசாம இருந்துட்டேன். கொட்டகைய விட்டுடலாம்னு ஏன் சொன்னேன்னு இப்பத் தெரியுதுங்களா?”

டீ ஆறிப்போயிருந்தது. அவர் அதைக் குடிக்கவில்லை.

“அவங்க உங்கள வரச் சொன்னாங்கய்யா.”

“போறேன்.”

ஜூலை 17, புதன்

ஐயா நெகமம் போய் வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

“உக்காரச் சொல்லலீங்க. நின்னுட்டே பேசிட்டு வந்தேன்,” என்றார். அடுத்த ஆபரேஷனும் வைத்தியமும் கம்பெனி பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வேலை தருகிறேன் என்றதற்கு மயில்சாமி, யோசித்துச் சொல்வதாகச் சொன்னாராம்.

மதியம் பெங்களூருக்குப் போன் செய்து, சான்றிதழ் தாமதமாகலாம், காரணம் இது என்று அவரே சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர்கள் பாதி ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். சரி என்றார். கொட்டகையை மூடவில்லை. நாற்பத்தொரு ஏணிகளும் திரும்பி வரும்வரை புதிதாக ரிப்பேர் எடுப்பதில்லை, அந்த ஆறு பேருக்கும் ஏணிகளைத் தேடுவதுதான் வேலை என்று முடிவு செய்தார்.

ஜூலை 18, வியாழன்

வாக்கியத்தைத் திருத்தினேன். ‘அலுமினிய ஏணிகளின் வடிவமைப்பு, உற்பத்தி, விற்பனை மற்றும் பழுதுபார்த்தல்.’ இடம் என்ற பகுதியில் சாலையின் இரண்டு பக்கக் கதவு எண்களையும் போட்டேன். விலக்குக்குக் காரணம் என்ற இடத்தில் ‘விலக்கு எதுவும் இல்லை’.

புகார்க் கோப்பில் பன்னிரண்டாவது தாளை வைத்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இருபத்தாறு ஏணிகள் வந்துவிட்டன. பெலிக்ஸின் நோட்டு இல்லாவிட்டால் எதுவும் நடந்திருக்காது. நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். இன்று சூலூரில் ஒரு பாட்டி ஏணியைப் படுக்கவைத்து அதன்மேல் வடகம் காயப்போட்டிருந்தார். புது ஏணி தருகிறோம் என்றோம். “இதுக்கென்ன கேடு? நான் என்ன இதுல ஏறவா போறேன்?” என்று சண்டைக்கு வந்தார். வடகம் காயும்வரை காத்திருந்து மாற்றிக்கொண்டு வந்தோம். பெலிக்ஸுக்கு ஒரு பொட்டலம் வடகம் கொடுத்துவிட்டார், எனக்குத் தரவில்லை.

வந்த ஏணிகளை மேடையில் தொங்கவிட்டுச் சோதித்தேன். இருபத்தாறில் ஏழு ஏணிகளில் ரிவிட் தளர்ந்திருக்கிறது. அந்த ஏழு பேரின் பெயரும் எனக்குத் தெரியும். யாரும் விழவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

முப்பத்தைந்து. இட்லி மாவு புளித்துவிட்டது, தோசை வார்த்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

ரஹ்மத்துல்லா இரண்டாம் கட்டத்துக்கு வந்தார். கொட்டகையில் பாதி நாள் இருந்தார். பெலிக்ஸிடம் ரிவிட் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். “வேலைய நிறுத்திட்டு மேடத்தக் கூப்புடுவேன் சார். மேடம் வந்து பாத்துட்டுச் சொன்னாத்தான் அடிப்பேன்,” என்றார் பெலிக்ஸ். “அவங்க போன்லயே அடிங்கன்னு சொன்னா?” என்று கேட்டார் ஆடிட்டர். பெலிக்ஸ் என்னைப் பார்த்தார். “அடிக்க மாட்டேனுங்க,” என்றார்.

ஆடிட்டர் எழுதிக்கொண்டார். பன்னிரண்டாவது புகாரை வாசித்தபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைப் பற்றி என்னிடம் நாற்பது நிமிஷம் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் நடந்ததைச் சொன்னேன்.

அக்டோபர் 5, சனி

சான்றிதழ் வந்தது. ஐயா சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். லட்டு கொடுத்தார்கள். கொட்டகைக்காரர்களும் சாலையைக் கடந்து வந்திருந்தார்கள். எல்லாம் இங்கிலீஷில் இருந்ததால் பெலிக்ஸ் அதன்முன் நின்று, “இதுல நாங்க எங்கீங்க மேடம் இருக்கோம்?” என்று கேட்டார். கடைசி வார்த்தையில் விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடிமேல் பட்ட என் விரல் தடத்தைத் தன் சட்டை நுனியால் துடைத்தார்.

மயில்சாமிக்கு நேற்று ஆபரேஷன் முடிந்துவிட்டது. கலாமணிதான் போனை எடுத்தார். நன்றாக இருக்கிறார் என்று மட்டும் சொன்னார். நான் மேலே ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார். வேலைக்கு வருவதைப் பற்றி அவர்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கப் போவதில்லை.

முப்பத்தொன்பது ஏணிகள் கிடைத்துவிட்டன. ஒன்று பெயிண்ட் அடிப்பவர்களோடு பாலக்காட்டுப் பக்கம் போயிருக்கிறது. இன்னொன்று உடுமலைக்குத் தெற்கே ஏதோ ஒரு தோப்பில் இருக்கிறது, தேங்காய் பறிக்க வாங்கினார்களாம். யார் தோப்பு என்று கடைக்காரருக்கு நினைவில்லை.

நாளை ஞாயிறு. உடுமலை பஸ் காலை ஆறே முக்காலுக்கு. பெலிக்ஸ் சர்ச்சில் பூசை முடிந்து பின்னால் வருகிறேன் என்றிருக்கிறார். தோப்புத் தோப்பாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.